பூடான் போகுமுன்: ஆதாரை ஓரம் வைத்துவிட்டு வாக்காளர் அட்டையைத் தேடுங்கள்

இந்தியர்களுக்கு பூடான் போக விசா வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் விசா வேண்டாம் என்றால் எதுவுமே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு பலர் எல்லையில் போய் நிற்கிறார்கள். அனுமதிச் சீட்டு (பர்மிட்) வேண்டும். இரவுக் கணக்கில் கட்டணம் உண்டு. ஊருக்கு ஊர் வேறு விதி உண்டு. அரசு அலுவலகம் பூட்டியிருக்கும் நாள்களும் உண்டு. இந்தப் பயணத்தில் மலை ஏறுவதை விடக் காகிதத்தைச் சரியாக வைத்திருப்பதுதான் பெரிய வேலை. அதை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

1. முதலில் அடையாள ஆவணம்

இந்தியர்களிடம் பூடான் ஏற்பது இரண்டே இரண்டு: குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அல்லது வாக்காளர் அடையாள அட்டை. ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் எதுவும் செல்லாது. வங்கி முதல் சிம் கார்டு வரை எல்லாவற்றுக்கும் ஆதார் கொடுத்தே பழகியதால், வழியில் திரும்பி வருகிறவர்களில் அதிகம் பேர் சிக்குவது இங்கேதான்.

இரண்டும் இருந்தால் பாஸ்போர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வாக்காளர் அட்டை மட்டும்தான் என்றால் மூன்று விஷயம் பாருங்கள். போனில் இருக்கும் படத்தை நம்பாமல் அசல் அட்டை கையில் இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அட்டையில் முகம் கறுப்பாய்த் தேய்ந்திருந்தால் புதிய அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். மூன்றாவது நம் ஊருக்கே உரிய தலைவலி: இனிஷியல். அட்டையில் 'செ. முருகன்', விமான டிக்கெட்டில் 'முருகன் செல்வராஜ்', பர்மிட் விண்ணப்பத்தில் வெறும் 'முருகன்' என்று மூன்று விதமாக இருந்தால் கேள்வி வரும். எந்த ஆவணத்தைக் காட்டப் போகிறீர்களோ அதிலுள்ள ஆங்கில எழுத்துகளை அப்படியே பார்த்து டிக்கெட்டும் பர்மிட்டும் போடுங்கள்.

18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு பாஸ்போர்ட் அல்லது ஆங்கிலத்தில் உள்ள பிறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பிறந்தவுடன் வாங்கிய சான்றிதழில் பெயர் இருக்கும் இடம் காலியாகவே இருப்பது நம் ஊரில் சாதாரணம். பெயர் சேர்க்க உள்ளாட்சி அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும், அதற்கு நாள் பிடிக்கும். குழந்தை தாத்தா பாட்டியுடன் போகிறது என்றால் பெற்றோரின் சம்மதக் கடிதத்தையும் பெற்றோரின் அடையாள நகலையும் உடன் கொடுத்தனுப்புங்கள்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கு விதி வேறு. ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் அட்டை) இருந்தாலும் பூடானுக்கு நீங்கள் வெளிநாட்டவர்தான். குடும்பத்தில் ஒருவர் இந்திய பாஸ்போர்ட், இன்னொருவர் கனடா பாஸ்போர்ட் என்றால் இரண்டு பேருக்கும் இரண்டு கட்டணம், இரண்டு நடைமுறை. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 40 டாலர், திரும்பக் கிடைக்காது. இந்தியா வழியாகப் போய் இந்தியா வழியாகத் திரும்பும் இலங்கைத் தமிழர்கள், தங்கள் இந்திய விசா ஒருமுறை நுழைவுக்கா பலமுறை நுழைவுக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை விசாவோடு பூடானுக்குள் போய்விட்டால் திரும்பி இந்தியாவுக்குள் நுழைய வழியில்லை.

2. எத்தனை இரவு என்று முடிவு செய்யுங்கள்

மற்ற நாடுகளில் எத்தனை நாள் என்று கணக்குப் போடுவோம். பூடானில் எத்தனை இரவு என்பதுதான் கணக்கு. நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் என்று ஒன்று உண்டு, சுருக்கமாக எஸ்டிஎஃப். இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய். 6 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்குப் பாதி, 600. ஐந்து வயதும் அதற்குக் கீழும் இலவசம். மற்ற நாட்டவருக்கு இரவுக்கு 100 டாலர். 2023 செப்டம்பரில் 200 டாலரிலிருந்து குறைத்த இந்தக் கட்டணம் 2027 ஆகஸ்ட் இறுதிவரை என்று அறிவித்திருக்கிறார்கள்.

இந்தப் பணம் அரசுக்குப் போகிறது. இதில் அறையும் சாப்பாடும் காரும் சேர்ந்தவை என்று நினைத்து ஏமாறாதீர்கள். சுற்றுலா ஏஜென்ட் ஒரு பேக்கேஜ் விலை சொன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'எஸ்டிஎஃப் இதில் சேர்த்தியா?' இரண்டாவது கேள்வி: 'நுழைவுக் கட்டணங்கள் சேர்த்தியா?' பெரும்பாலும் இரண்டாவதுக்கு 'இல்லை' என்றுதான் பதில் வரும்.

கணவன், மனைவி, எட்டு வயதுக் குழந்தை, ஐந்து இரவு என்று வைத்து ஒரு நடுத்தரக் கணக்குப் பார்ப்போம்:

எஸ்டிஎஃப்: பெரியவர்கள் இருவருக்கு 12,000, குழந்தைக்கு 3,000, ஆக 15,000.
அறை: இரவுக்கு 3,000 வீதம் 15,000.
டிரைவருடன் கார்: நாளுக்கு 4,000 வீதம் ஆறு நாளுக்கு 24,000.
சாப்பாடு: நாளுக்கு 2,000 வீதம் 12,000.
நுழைவுக் கட்டணங்கள்: சுமார் 10,000.
கைடு: இரண்டு நாளுக்கு 4,000.

மொத்தம் 80,000 ரூபாய். ஊரிலிருந்து எல்லைவரை போய்வரும் செலவு தனி. அறை, கார் விலைகள் சீசனுக்குத் தக்க ஏறி இறங்கும். எஸ்டிஎஃப் மட்டும் அசையாது. 2026 ஜனவரியிலிருந்து அங்கும் 5 சதவீத ஜிஎஸ்டி வந்துவிட்டது. அறை பேசும்போது வரி சேர்த்துச் சொல்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு பேராகப் போனால் கார் செலவு பகிர்ந்துவிடும். தனியாளாகப் போகிறவருக்குத்தான் பூடான் கடிக்கும்.

3. மாதம்

மார்ச் முதல் மே, செப்டம்பர் பிற்பகுதி முதல் நவம்பர். இந்த இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அறை மலிவு, ஆனால் எல்லையிலிருந்து தலைநகர் திம்பு போகும் பாதையில் மண் சரியும். இரண்டு மணி நேரம் நிற்பதும் உண்டு, ஒரு நாள் முழுக்க நிற்பதும் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிவாக இருக்கும், குளிரோ எலும்பைத் தொடும். சென்னை வெயிலில் வளர்ந்த உடம்புக்குக் காலையில் பல் தட்டும்.

திம்பு, பாரோ ஊர்களின் முகமூடி நடனத் திருவிழாக்களைப் பார்க்க ஆசை என்றால் (பாரோவில் மார்ச்–ஏப்ரல் வாக்கில், திம்புவில் செப்டம்பர்–அக்டோபர் வாக்கில்) அறையை நான்கைந்து மாதம் முன்பே பிடியுங்கள். சந்திர நாள்காட்டிப்படி தேதி வருடா வருடம் மாறும். திருவிழாவில் அக்கறை இல்லையென்றால் அந்த வாரத்தைத் தவிர்ப்பதே லாபம்.

4. வழி: வானமா, தரையா

விமானம் என்றால் இறங்குமிடம் பாரோ. ட்ருக் ஏர், பூடான் ஏர்லைன்ஸ் என்ற இரண்டு நிறுவனங்கள் மட்டுமே அங்கே வழக்கமான சேவை நடத்துகின்றன. டெல்லி, கொல்கத்தா, பாக்டோக்ரா, கவுகாத்தி போன்ற இடங்களிலிருந்து உண்டு. சென்னையிலிருந்து நேரடியாகக் கிடையாது. பாரோ பள்ளத்தாக்கு குறுகியது. விமானி மலைகளைக் கண்ணால் பார்த்தே இறக்க வேண்டும் என்பதால் இரவில் விமானம் இல்லை; மதியத்துக்கு மேல் காற்று எழும் என்பதால் பெரும்பாலானவை காலையிலேயே. மேகம் இறங்கினால் தாமதம், சில நாள் ரத்து. ஆகவே பாரோவிலிருந்து கொல்கத்தா வந்து, அன்றே மாலை சென்னை விமானத்தைப் பிடிப்பதாக டிக்கெட் போடாதீர்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. நடுவில் ஓர் இரவு விடுங்கள். டெல்லியிலிருந்து போகிறவர்கள் இடப்பக்க ஜன்னல் கேளுங்கள். வானம் தெளிந்திருந்தால் எவரெஸ்ட் தெரியும்.

தரை வழி மலிவு. மேற்கு வங்கத்தின் ஜெய்கானும் பூடானின் புன்ட்சோலிங்கும் ஒரு சுவரால் பிரிந்த ஒரே ஊர் போல இருக்கும். பாக்டோக்ரா விமான நிலையத்திலிருந்து ஜெய்கான் காரில் நான்கு மணி நேரம். ரயிலில் என்றால் பக்கத்து ஸ்டேஷன் ஹாசிமாரா, ஜெய்கானிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். கொல்கத்தா சியால்தாவிலிருந்து இரவு கிளம்பும் காஞ்சன் கன்யா எக்ஸ்பிரஸ் மறுநாள் முற்பகல் ஹாசிமாராவில் விடும். தமிழ்நாட்டிலிருந்து ரயிலிலேயே போகிறவர்களுக்கு கன்னியாகுமரி–திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ் நியூ ஜல்பாய்குரி வரை உதவும். அங்கே மாற வேண்டும். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சொந்தக் காரில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: இந்தியப் பதிவு எண் கொண்ட காருக்கு நாளுக்கு 4,500 ரூபாய் கட்டணம். ஆறு நாளுக்கு 27,000. டிரைவருடன் அங்கேயே கார் எடுப்பதை விட அதிகம். வண்டியை ஜெய்கானில் கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடந்து போங்கள்.

5. பர்மிட் விண்ணப்பம்

பூடான் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், அல்லது உரிமம் பெற்ற பூடான் ஏஜென்ட் வழியாகச் செய்யலாம். பயணத்துக்குப் பதினைந்து நாள் முன்பே முடித்துவிடுங்கள். தயாராக வைத்திருக்க வேண்டியவை: பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டையின் தெளிவான ஸ்கேன், வெள்ளைப் பின்னணியில் புகைப்படம், நாள்வாரிப் பயணத் திட்டம், அறை முன்பதிவு ஆதாரம், எஸ்டிஎஃப் கட்ட சர்வதேசப் பயன்பாடு திறந்துவிட்ட கார்டு.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். நம் வங்கிகள் கொடுக்கும் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும். வங்கி ஆப்பில் போய்த் திறந்துவிட்டு வரம்பையும் உயர்த்தாவிட்டால் பணம் கட்டும் பக்கம் திரும்பத் திரும்பத் தோற்கும். குற்றம் பூடான் இணையதளத்தின் தலையில் விழும்.

வாக்காளர் அட்டையை ஸ்கேன் செய்யும்போது இரண்டு பக்கமும் ஒரே கோப்பில் இருக்கட்டும். போன் கேமராவில் எடுத்தால் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு எடுங்கள். பளபளப்பில் எண் மறைந்து போனதால் விண்ணப்பம் திரும்பி வருவதுண்டு.

பயணத் திட்டத்தில் ஊர்களை முழுசாக எழுதுங்கள். திம்புவும் பாரோவும் மட்டும் எழுதிவிட்டு, அங்கே போனபிறகு 'புனாக்காவும் பார்க்கலாமே' என்று தோன்றினால் தனி வழி அனுமதிக்கு அலைய வேண்டும்.

6. எல்லையில், கிழமை பார்த்து

இணையத்தில் பர்மிட் வாங்காமல் புன்ட்சோலிங்கில் நேரே வாங்கலாம் என்று போகிறவர்கள் திங்கள் முதல் வியாழனுக்குள் ஏதாவது ஒரு காலையில் போய்ச் சேருங்கள். வெள்ளி மாலை போய்ச் சேர்ந்தால் சனி ஞாயிறு ஜெய்கான் லாட்ஜில் கழியலாம். அதைவிடக் கவனிக்க வேண்டியது பூடான் அரசு விடுமுறைகள்: பிப்ரவரி 21 முதல் 23 வரை மன்னர் பிறந்தநாள், நவம்பர் 1, நவம்பர் 11, டிசம்பர் 17 தேசிய நாள், பிப்ரவரி–மார்ச்சில் வரும் லோசார் புத்தாண்டு. நம் நாள்காட்டியில் இவை இருக்காது. பூடான் மணி நம் மணியை விட அரை மணி நேரம் முன்னால் ஓடும் என்பதையும் மறக்காதீர்கள்; நாலரை என்று நினைத்து வரிசையில் நிற்பீர்கள், உள்ளே ஐந்தாகியிருக்கும்.

நடந்து நுழைகிறவர்களுக்குத் தனி முனையம் உண்டு. கைரேகை, புகைப்படம் எடுப்பார்கள். ஆவணங்களின் மூன்று ஜெராக்ஸ், நான்கு பாஸ்போர்ட் அளவுப் படம் வைத்திருங்கள். ஜெய்கான் தெருவில் 'உடனே பர்மிட் வாங்கித் தருகிறேன்' என்று வருபவர்களிடம் அசல் அட்டையைக் கொடுத்துவிடாதீர்கள்.

புன்ட்சோலிங் ஊரை மட்டும் பகலில் சுற்றிப் பார்த்துவிட்டு வர எஸ்டிஎஃப் இல்லை. ஆனால் ஊரைத் தாண்டினால் ரின்சென்டிங் சோதனைச் சாவடி. அங்கே பர்மிட் இல்லாமல் ஒரு வண்டியும் நகராது.

7. உள்ளே: வண்டி, கைடு

புன்ட்சோலிங் முதல் திம்பு சுமார் 150 கிலோமீட்டர், ஐந்து ஆறு மணி நேரம். 300 மீட்டர் உயரத்திலிருந்து 2,300 மீட்டருக்கு ஏறுகிறீர்கள், முழுவதும் வளைவு. கொடைக்கானல் பாதையில் வாந்தி எடுப்பவர்கள் கிளம்ப அரை மணி முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். கெடு என்ற இடத்தில் பட்டப்பகலிலும் மூடுபனி இறங்கும். மதியம் ஒன்றுக்குள் கிளம்பாவிட்டால் அந்த இரவை புன்ட்சோலிங்கிலேயே கழிப்பது நல்லது.

டாக்ஸிகளின் எண் பலகை BT என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும், BP என்றால் தனியார் கார். தனியார் காரில் வாடகைக்குப் போகாதீர்கள். சாவடியில் சிக்கினால் மாட்டுவது டிரைவர் மட்டுமில்லை, உங்கள் பயணமும்தான். விலை பேசும்போது டீசல், டிரைவர் தங்கும் செலவு, பார்க்கிங் மூன்றையும் சொல்லிப் பேசுங்கள்.

திம்புவும் பாரோவும் தாண்டிப் போக, மலைநடை போக, உரிமம் பெற்ற கைடு வேண்டும். புனாக்கா, போப்ஜிக்கா, பும்தாங் என்று திட்டம் இருந்தால் கைடை முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வழி அனுமதி கொடுக்கும் திம்பு அலுவலகமும் வேலை நாளில்தான் இயங்கும்.

8. நாள் வரிசை

தரை வழியில் போகும் ஐந்து இரவுக்கு: திம்பு இரண்டு, புனாக்கா ஒன்று, பாரோ இரண்டு. திம்புவிலிருந்து புனாக்கா மூன்று மணி நேரம். நடுவில் 3,100 மீட்டரில் டோச்சுலா கணவாய். அங்கே காலையில் போனால்தான் இமயம் தெரியும், பத்து மணிக்கு மேல் மேகம் திரை போட்டுவிடும். புனாக்கா 1,200 மீட்டர்தான் என்பதால் கதகதப்பு. குளிர்காலத்தில் இன்னொரு இரவு கிடைத்தால் போப்ஜிக்காவில் கழியுங்கள். கறுப்புக் கழுத்துக் கொக்குகள் திபெத்திலிருந்து வந்திறங்கும் இடம்.

ஜோங் என்பது கோட்டையும் மடமும் சேர்ந்த கட்டடம். திம்புவின் தாஷிச்சோ ஜோங் அரசு அலுவலகமாகவும் இருப்பதால் வேலை நாளில் மாலை அலுவலகம் முடிந்த பிறகே பார்வையாளர்களை விடுவார்கள். காலையில் போய் ஏமாறாதீர்கள்.

தக்சாங் எனும் புலிக்கூடு மடத்தைக் கடைசி நாளுக்கு வையுங்கள்; அதற்குள் உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும். 3,120 மீட்டர், பாரோ பள்ளத்தாக்கின் தரையிலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம்; நடை தொடங்கும் அடிவாரத்திலிருந்து சுமார் 500 மீட்டர் ஏற்றம். ஏற இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரம். ஏழு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். நுழைவுச் சீட்டு 2,000 ரூபாய், அதை அடிவாரத்திலேயே வாங்க வேண்டும், மேலே கிடையாது. மேலே ஏறிய பிறகு சீட்டு ஞாபகம் வந்தால் திரும்ப இறங்குவதுதான் வழி. குதிரை பாதி வழியில் இருக்கும் சிற்றுண்டிக் கடை வரை, அதுவும் ஏறுவதற்கு மட்டும். மடத்தின் எதிர்ப்புறப் பாறைக்கு வந்ததும் முடிந்தது என்று தோன்றும். இல்லை: அங்கிருந்து நூற்றுக்கணக்கான படி இறங்கி, அருவியைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களை மடக்குவது இந்தக் கடைசித் துண்டுதான். கைத்தடி அடிவாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். மதியம் ஒன்று முதல் இரண்டு வரை மடம் மூடியிருக்கும். போன், கேமரா, பை எல்லாம் வாசலில் பெட்டியில் வைக்க வேண்டும். முழுக்கை, முழுக்கால் உடை கட்டாயம். அரைக்கால் சட்டையோடு போனால் அவ்வளவு ஏறியும் வாசலோடு சரி.

மற்ற ஜோங்குகளிலும் கோயில்களிலும் நுழைவு பெரும்பாலும் 500 முதல் 1,000 வரை. எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. புனாக்கா ஜோங், தக்சாங் இரண்டுக்கும் கொடுங்கள். மற்றவற்றை வெளியிலிருந்து பார்த்தாலே அழகுதான்.

9. பணம், சிம், சாப்பாடு

பூடான் பணமான இங்குல்ட்ரமும் இந்திய ரூபாயும் ஒன்றுக்கு ஒன்று. நம் ரூபாயைக் கடைகளில் வாங்குகிறார்கள். 100 ரூபாய் நோட்டுகளை அதிகம் எடுத்துப் போங்கள். 100-க்கு மேற்பட்ட நோட்டுகளை 25,000 ரூபாய் வரைதான் கொண்டுபோகலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. யூபிஐ 2021-லேயே அங்கே தொடங்கிவிட்டது, ஆனாலும் எல்லாக் கடையிலும் ஓடும் என்று எண்ணி வெறுங்கையோடு போகாதீர்கள். டாக்ஸியும் மலைப்பாதைத் தேநீர்க்கடையும் ரொக்கம்தான் கேட்கும்.

பீ மொபைல், தாஷிசெல் இரண்டில் ஒரு சுற்றுலா சிம் வாங்குங்கள். பர்மிட்டும் அடையாள நகலும் கேட்பார்கள்.

சைவம் கிடைக்கும். எமா தட்ஷி என்பது மிளகாயைக் காயாகவே சீஸில் வேகவைத்தது. நம் நாக்குக்கும் சுரீர் என்றுதான் இருக்கும். குழந்தைகளுக்கு உருளைக்கிழங்கு போட்ட கேவா தட்ஷி கேளுங்கள். சூப்பில் காய்ந்த இறைச்சி போடுவதுண்டு, ஆர்டர் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். ஊறுகாயும் தயிர்சாதப் பொடியும் கையோடு இருந்தால் நான்காம் நாள் வாழ்த்துவீர்கள்.

10. திரும்பும்போது

இங்குல்ட்ரம் நோட்டுகளை ஜெய்கானுக்குள்ளேயே செலவழித்துவிடுங்கள். சிலிகுரியைத் தாண்டினால் அவை வெறும் காகிதம். பர்மிட்டில் உள்ள கடைசித் தேதியைத் தாண்டித் தங்க நேர்ந்தால் அதற்கு முன்பே குடிவரவு அலுவலகத்தில் நீட்டிப்பு வாங்கி, கூடுதல் இரவுகளுக்கு எஸ்டிஎஃப் கட்டுங்கள். மண்சரிவால் தாமதமானாலும் ஏஜென்ட்டுக்கோ ஓட்டல்காரருக்கோ அன்றே போன் செய்து சொல்லிவையுங்கள். வெளியேறும்போது முனையத்தில் பதிவு செய்துவிட்டே வெளியே வாருங்கள்; கேட்டைத் தாண்டி ஜெய்கான் கடைத்தெருவில் கலந்துவிடுவது எளிது, ஆனால் கணினியில் நீங்கள் இன்னும் பூடானுக்குள்ளேயே இருப்பீர்கள்.